மூடியைத் திறந்தால் நின்றுவிடும்

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடி எழுதுவது. சுகமாக வேலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த மலை ரோட்டில் காரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போனால் நல்ல முதுகே வலிக்கும். இங்கே நானும் அவரும் சௌக்கியம்.

நீ பொருத்திக் கொடுத்த, பலகை வெட்டும் லேசர் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னறையில் துணிக் கொடியைக் கழற்றிவிட்டேன். ஜன்னலில் நீ பலகை அடைத்து அறுத்துக் கொடுத்த ஓட்டையில் புகைக் குழாயை மாட்டியாயிற்று. வாளித் தண்ணீரில் பம்ப் குடுகுடுவென்று ஓடுகிறது. மூன்றாம் நாளே மாடி வீட்டம்மா இறங்கி வந்து, "என்னம்மா, தினமும் உங்க வீட்ல அடி பிடிக்குது? அடுப்பைக் கவனிக்கவே மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். குழாயின் வாயை வேறு பக்கம் திருப்பினேன்.

பெரிய செய்தி ஒன்று. கட்டட வரைபட ஆபீசில், கட்டப்போகிற ஆஸ்பத்திரிக்குப் பலகையில் சின்னதாக மாதிரி செய்யும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாடி, நானூற்றுப் பன்னிரண்டு ஜன்னல். செப்டம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் பட்டறையில் கத்தியும் பசையுமாகக் குனிந்து கிடந்தேன். இது முதன்முதலாக என் பெயரில் போகிற வேலை. இவர் டிப்போவில் போய், "என் பொண்டாட்டி சின்ன வீடு வச்சிருக்கா, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு ஊரே வச்சிருக்கா" என்று சொல்லிச் சிரிக்கிறாராம்.

சிரித்தாலும் அவருக்குப் பயம் போகவில்லை. பதினெட்டு வருஷம் விபத்தில்லாமல் பஸ் ஓட்டுகிறவர் இல்லையா, எதைக் கண்டாலும் முதலில் பிரேக்கைத்தான் தேடுவார். நீ முதல் நாள் காட்டியதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். மூடியைத் திறந்தால் உள்ளே லேசரைத் தாங்கி நகர்கிற இரும்புக் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், லேசர் நின்றுவிடும் என்று. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு என்றும் சொன்னேன். "மச்சான் பொறுப்புன்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்று அரை மனதாகத் தலையாட்டினார்.

அந்த ஏற்பாடு எனக்குப் பெரிய வசதி. சின்னத் துண்டுகள் புகையில் கிடந்தால் கறை பிடித்துவிடும். வெட்டி விழுந்ததும் மூடியைத் திறந்து சாமணத்தால் இடுக்கி எடுத்துவிடுகிறேன். வலது பக்கப் பெட்டியைத் திறக்கவே கூடாது, உள்ளே உயிரைக் குடிக்கிற மின்சாரம் என்றாயே, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசிக் காலை கார் ஹாரன் அடிக்க அடிக்க நீ அதன் திருகை முடுக்கிவிட்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வாய் காபிகூட நீ குடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் போடு.

உன் தங்கை,
பொடி

—

ஜூன் 16
(எழுதி, மடித்து, அனுப்பாமல் பெட்டிக்குள் வைத்தது)

பொடி,

உன் கடிதம் இன்று சாமான் லாரியில் வந்தது. சந்தோஷமாகப் பாதி வரை படித்தேன். மூடியைத் திறந்து சாமணத்தால் எடுக்கிறேன் என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மூடியைத் திறந்தால் லேசர் நிற்காது. நான் முதல் நாள் காட்டியபோது நின்றது உண்மை. கடைசிக் காலை உள்ளே இருக்கிற மூன்று கண்ணாடிகளையும் நேர்ப்படுத்தினேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு லேசரை விட்டு விட்டு அடித்துப் பார்த்தால்தான் அது முடியும். அதற்காக, மூடி எப்போதும் மூடியே இருப்பதாக மெஷின் நினைக்கும்படி, வலது பக்கப் பெட்டிக்குள் மூடி சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு மஞ்சள் வயரால் இணைத்தேன். வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். கார் வந்துவிட்டது. அப்படியே மூடித் திருகிவிட்டு வந்துவிட்டேன். இப்போது உன் மூடி வெறும் மூடி.

இதை எழுத எனக்கு என்ன வெட்கம் தெரியுமா? தினமும் காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் நூறு பேரை நிறுத்திப் பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் செய்கிறவன் நான். போன மாதம் கன்வேயர் பெல்ட்டை நிறுத்துகிற சுவிட்சைக் கயிறு போட்டுக் கட்டிவைத்த ஒருவனை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளையிடம் நெஞ்சைத் தட்டி நான் பொறுப்பு என்றதும் இதே வாய்தான். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மெஷினைத் தொடாதே. இதைப் படித்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கு.

அண்ணன்

—

ஜூன் 17

அன்புள்ள பொடிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். முதுகு தேவலை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஊரிலிருந்து உன் அண்ணியும் எழுதியிருந்தாள், சுகமாக இருக்கிறாளாம்.

ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது. இங்கே கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மெஷின் விஷயத்தில் சில சொல்கிறேன், கவனமாகக் கேள். எர்த் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார். பம்ப் ஓடாமல் ஒருபோதும் வெட்டாதே. தண்ணீர் சூடேறினால் உள்ளே கண்ணாடிக் குழாய் விரிந்துவிடும். வெட்டும்போது அறையைவிட்டு நகராதே, போஸ்ட்மேன் கூப்பிட்டாலும் சரி. தீயணைப்பு சிலிண்டர் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மெஷினுக்குப் பின்னால் வேண்டாம். பிவிசி ஷீட்டை யார் கொண்டு வந்து கொடுத்தாலும் வெட்டாதே, அந்தப் புகை நெஞ்சையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்.

இன்னொன்று. மூடியைத் திறப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடு. சும்மா ஒரு பழக்கத்துக்காகச் சொல்கிறேன். எதையும் முழுக்க நம்பியிருக்கக் கூடாது.

செப்டம்பர் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் மெஷினில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்

—

ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம். உன் கடிதம் கிடைத்தது. இவரிடம் படித்துக் காட்டினேன். "மச்சான் என்னை மாதிரியே ஆயிட்டாரு" என்று குளிர்ந்துபோனார்.

எல்லாவற்றையும் செய்கிறேன், அந்த மெயின் சுவிட்ச் ஒன்றைத் தவிர. கோபித்துக்கொள்ளாதே. மெயினை அணைத்தால் உள்ளே இருக்கிற கை தான் நின்ற இடத்தை மறந்துவிடுகிறது. திரும்ப ஓடவிட்டால் ஒரு நூல் தள்ளி வெட்டுகிறது. இந்த மாதிரியில் ஒரு ஜன்னல் ஒரு நூல் தள்ளினால் அந்த மாடியே போச்சு. நீ செய்து வைத்த ஏற்பாடுதான் இருக்கிறதே, பிறகு எதற்கு அணைப்பானேன்? நீ வரவர ரொம்பப் பயப்படுகிறாய்.

இரண்டு மாடி முடிந்துவிட்டது. மெல்லிய பலகை சூட்டில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. அப்போதெல்லாம் மூடியைத் திறந்து என் பழைய இரும்பு ஸ்கேலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். பளபளவென்று இருக்கிற ஸ்கேல் இல்லையா, புகையில் கறுக்கவே இல்லை. ஒன்று கவனித்தேன். மூடியைத் திறந்த பிறகும் மரம் பொரிகிறது, சின்னதாக ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரிகிறது. சூடு தணிய நேரமாகும் போலிருக்கிறது. டியூப் லைட்டை அணைத்த பிறகும் ஓரத்தில் கொஞ்சம் மினுக்குமே, அந்த மாதிரி. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் அழகாக இருக்கிறது.

என்ன சின்ன வேலை பாக்கி? சொன்னால் நானே செய்துவிட மாட்டேனா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடி

—

ஜூலை 12

பொடிக்கு,

நலம். நீ நலமா? உடனே பதில் எழுது.

அந்த இரும்பு ஸ்கேலை இன்றைக்கே அறையைவிட்டு வெளியே கொண்டுபோய் வை. பளபளக்கிற எதுவும் மெஷினுக்குள் போகக் கூடாது, அதில் பட்டால் லேசர் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பலகையை முன்கூட்டியே காந்தம் வைத்துப் பிடித்துக்கொள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. நான் வாங்கி வைத்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அறைக்குள்ளேயே போக வேண்டும். கை ஓடி முடித்து அதன் மூலைக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு முழு நிமிஷம் எண்ணு. அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்கலாம். நடுவில் பலகை தூக்கினாலும், தீப்பிடித்தாலும், மூடியைத் தொடாதே, மெயினை அணை. ஒரு மாடி கெட்டால் கெட்டுத் தொலையட்டும்.

ஏன் என்று கேட்காதே. நான் சொன்னால் காரணம் இருக்கும். அந்தச் சின்ன வேலையை நான் வந்துதான் செய்ய வேண்டும். வலது பக்கப் பெட்டியை நீ திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அண்ணன்

—

ஆகஸ்ட் 9

அன்புள்ள பொடிக்கு,

மூன்று லாரி வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. சனிக்கிழமைகளில் சாமான் இறக்கும் இடத்தில் நானே போய் நிற்கிறேன். தபால் பையைக் கொட்டும்போது எல்லோருக்கும் முன்னால் என் கைதான் நீள்கிறது என்று பையன்கள் கேலி செய்கிறார்கள்.

வேலை மும்முரத்தில் எழுதாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே? இரண்டு வரி போதும். நலம் என்று மட்டும் எழுது.

இங்கே ஆபீசில் வயர்லெஸ் டெலிபோன் ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும்தான். அதுவும் நாம் பேச முடியாது. செய்தியை, வருகைப் பதிவு பார்க்கிற டைம் கீப்பரிடம் சொல்ல வேண்டும், அவர் பதிவேட்டில் எழுதி, உரக்கத் திருப்பிப் படித்துக் காட்டி, பிறகு அவரே அனுப்புவார். அவ்வளவு தூரம் போகும்படி எதுவும் இருக்காது என்று நம்புகிறேன்.

அண்ணன்

—

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஜூலை பத்தொன்பதாம் தேதி, மதியம் மூன்று மணி இருக்கும். நாலாவது மாடிக்கு வாசல் கதவுகளை வெட்டிக்கொண்டிருந்தேன், நகத்தளவு கதவுகள். ஒன்று பெயர்ந்து செங்குத்தாக நின்றுவிட்டது. ஓடுகிற கை அதில் இடித்தால் எல்லாம் நகர்ந்துவிடும். மூடியைத் திறந்து சாமணத்தை நீட்டினேன். வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி ஏற்றியது போல இருந்தது. கையை இழுப்பதற்குள் நுனியில் பள்ளம் விழுந்துவிட்டது. இரத்தமே வரவில்லை, அண்ணா. பொசுங்கிய வாசனைதான் வந்தது, அது என்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சுத்தம் செய்து தையல் போட்டார்கள். விரல் இருக்கிறது. நுனியில் உணர்ச்சி இல்லை, திரும்ப வருவது சந்தேகம் என்கிறார் டாக்டர். எனக்கு அந்த விரல்தான் கண். ஒரு விளிம்பு சமமாக இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்துத் தடவித்தான் சொல்லுவேன்.

தப்பு என்னுடையதுதான். லேசர் முழுசாக அடங்குவதற்குள் அவசரப்பட்டுக் கையை விட்டுவிட்டேன். மெயினை அணைக்கச் சொல்லி ஜூனிலேயே எழுதினாய், நான் உன்னைக் கேலி செய்தேன். ஒரு நிமிஷம் எண்ணு என்று நீ எழுதிய கடிதம் இருபத்தோராம் தேதி வந்தது. இரண்டு நாள் முந்தியிருந்தால் என்று இவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிறகு கோபம் வந்துவிட்டது. டிப்போ ஆட்கள் பார்க்க வந்திருந்தபோது, அவர்கள் எதிரிலேயே, "பதினெட்டு வருஷமா நான் பஸ் ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது. இவளுக்கு ஒரு பெட்டியைக் கவனமா தொறக்கத் தெரியல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரி மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவனமில்லாதவள் கையில் இருக்க வேண்டிய வேலை இல்லை அது.

நீ கவலைப்படாதே. முதுகைப் பார்த்துக்கொள்.

பொடி

—

ஆகஸ்ட் 30

அன்புள்ள பொடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. விரலை ஈரம் படாமல் பார்த்துக்கொள். மருந்தை நேரம் தவறாமல் போடு.

என்ன செய்வது, நீ சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி. படித்துப் படித்துச் சொன்னேன். மெயினை அணை என்றேன், நீ கேட்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மாப்பிள்ளை நாலு பேர் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை. நடந்தது நடந்துவிட்டது. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மெஷினைத் துணி போட்டு மூடி வை. நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம். வேலை அதிகம் என்று லீவைத் தள்ளிவிட்டார்கள், அக்டோபரில் வருவேன்.

அண்ணன்

—

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். கட்டுப் பிரித்தாகிவிட்டது.

நீ சொன்னது சரி. உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இவர் சொன்னபோதுகூட மனதின் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது, நான் அப்படி ஒன்றும் பதறவில்லையே என்று. பன்னிரண்டு வருஷம் பிளேடு வைத்து வேலை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஆழமாக வெட்டிக்கொண்டதில்லை. ஆனால் மெஷின் தெரிந்த நீயே சொல்லும்போது எனக்கு வேறு என்ன வேண்டும்? வயதாகிறது, கை நிதானம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டேன். மாதிரி செய்யும் தொழிலையே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை ஒன்று இருக்கிறதாம்.

மெஷினை விற்றுவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பொத்தான் செய்கிற பட்டறை வைத்திருக்கிற அம்மா வாங்கிக்கொள்கிறார். மரப் பொத்தான் வெட்டப் போகிறாராம். அவரிடம் நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள், நாள் முழுக்க மாற்றி மாற்றி ஓட்டுவார்களாம். இருபத்திரண்டாம் தேதி வண்டி கொண்டு வந்து எடுத்துப்போகிறார்.

அந்தப் பெண்களை வரவழைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர், எர்த், புகை, பிவிசி, ஒன்றையும் விடவில்லை. மூடியைத் திறந்தால் லேசர் நின்றுவிடும், ஆனால் என்னைப் போல அவசரப்படாமல் கொஞ்சம் பொறுத்துக் கையை விடுங்கள் என்று விரலைக் காட்டினேன். பயந்துபோனார்கள். வலது பக்கப் பெட்டியை மட்டும் ஆயுசுக்கும் திறக்காதீர்கள், எங்கள் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான் என்றேன்.

நீ பாக்கி வைத்த சின்ன வேலைக்கு இனி அவசியம் இல்லை. வந்தால் நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

பொடி

—

முகாம் அலுவலகம்
அவசரச் செய்திப் பதிவேடு
செப்டம்பர் 21, காலை 7.40

சொன்னவர்: பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன்
பெறுபவர்: அவர் தங்கை

செய்தி: மெஷினைக் கொடுக்காதே. மூடி சுவிட்ச் வேலை செய்யாது. நான்தான் வயர் போட்டு இணைத்தேன். எடுக்க மறந்தேன். மூடியைத் திறந்தாலும் லேசர் அடிக்கும். உன் மேல் தப்பில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க விடு. உயர் மின்சாரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனை மட்டும் வைத்து வலது பக்கப் பெட்டியைத் திற. மஞ்சள் வயர்த் துண்டு. அதை எடுக்கச் சொல். உன் மேல் தப்பில்லை.

குறிப்பு: வீட்டில் சாவோ நோயோ இல்லாததால் இது அவசரமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஒரே வாக்கியம் இரண்டு தடவை வருகிறது, ஒன்றை அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். காலை ஷிஃப்ட் ஆட்கள் வரிசையில் நின்றதால் தனியாக வந்து சொல்லும்படி சொன்னேன். பரவாயில்லை, உரக்கவே படியுங்கள் என்றார். திருப்பிப் படித்துக் காட்டப்பட்டது. 7.55க்கு அனுப்பப்பட்டது.

டைம் கீப்பர்

—

செப்டம்பர் 26

அண்ணனுக்கு,

உன் டைம் கீப்பர் போனில் பேசியபோது நான் மெஷினைப் போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். திரும்பச் சொல்லுங்கள் என்றேன். திரும்பவும் அப்படியே சொன்னார்.

பொத்தான் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே மெஷின் பழுது பார்க்கிற எலெக்ட்ரீஷியனை மறுநாள் கூட்டி வந்தேன். பெட்டியைத் திறந்து, தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, வயரை எடுத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பிறகு ஒரு பழைய பலகையை வைத்து ஓட்டிப் பார்த்தோம். நான்தான் மூடியைத் திறந்தேன். திறந்த கணமே நின்றது, அண்ணா. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, ஒரு பொரிச்சல் இல்லை. பொறுக்கவே வேண்டியிருக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் எதிரிலேயே அழுதுவிட்டேன். மனிதர் பயந்துபோய்க் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக எடுத்து வைத்துப் படித்தேன். ஜூன் பதினேழாம் தேதியே உனக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா ஒரு பழக்கத்துக்காக என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு ஒரு வரி, வயரை மறந்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, எனக்குச் சோறு சாப்பிடத் தெரியவில்லை என்று சொன்னாய்.

மறந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. கார் ஹாரன் அடித்தது, நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். விரலுக்காகக்கூடப் போகட்டும். ஆகஸ்ட் முப்பதாம் தேதிக் கடிதத்தை என்ன செய்வது? என் விரல் போனது தெரிந்த பிறகு, யாரால் போனது என்று தெரிந்த பிறகு, நிதானமாக உட்கார்ந்து பழமொழி எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நம்பித்தான் தொழிலை விட்டேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேட்டிருக்கிறேன், அண்ணன் கையிலேயே அந்த வேல் இருக்கும் என்று நினைத்ததில்லை.

மெஷினை நானே வைத்துக்கொள்கிறேன். வரைபட ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரி வேறு கைக்குப் போய்விட்டது. ஒரு சின்ன பள்ளிக்கூடம் இருக்கிறது, செய்கிறாயா என்றார்கள். செய்கிறேன் என்றேன். இடது விரலால் தடவிப் பழகுகிறேன்.

இவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. எலெக்ட்ரீஷியன் வந்தபோது டியூட்டியில் இருந்தார். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால், அண்ணன் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று ஒரு நினைப்பு அவர் மனதில் ஓடும். அதையும் என்னால் தாங்க முடியாது. அவருக்கு நீ எழுது. எழுதிய பிறகு லீவில் வா. அதற்கு முன்னால் வராதே.

முதுகு எப்படி இருக்கிறது என்று எழுது. கோபம் இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பொடி

—

அக்டோபர் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும் என்பது தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பில்லை.

உங்களுக்கு நான் இதுவரை தனியாகக் கடிதம் எழுதியதில்லை. இதை நாலு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மெஷினை வைத்தபோது நான் பொறுப்பு என்றேன். கிளம்பும் அன்று மூடி சுவிட்சை வயர் போட்டு வேலை செய்யாமல் ஆக்கினேன், எடுக்க மறந்தேன். இரண்டு வாரத்தில் நினைவு வந்தது. வந்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் எதிரில் என் மதிப்பு குறைந்துவிடும் என்பது ஒன்றுதான் காரணம், வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வயரை மறைத்துவிட்டு அவளுக்குப் புத்திமதி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் நான் சொன்னதை நம்பி மூடியைத் திறந்தாள். லேசர் அவள் விரலை எரித்தது.

அது தெரிந்த பிறகு, நீ அவசரக்காரி என்று அவளுக்கு எழுதினேன். நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை என்று உங்களையும் சேர்த்துக்கொண்டேன். நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள். நான் தெரிந்து சொன்னேன்.

அவள் எதையும் கவனமில்லாமல் செய்யவில்லை. நிற்கும் என்று நான் சொன்ன மெஷின் நிற்கவில்லை. பிரேக்கைக் கழற்றிவிட்டு உங்கள் கையில் ஒருவன் பஸ்ஸைக் கொடுத்திருந்தால் உங்கள் பதினெட்டு வருஷமும் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவளை நீங்கள் டிப்போ ஆட்கள் எதிரில் வைத்துக் குறை சொன்னதாக எழுதியிருந்தாள். அவர்களை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விடாமல் படியுங்கள், நான் எழுதியதுதான் என்று என் கையெழுத்தையும் காட்டுங்கள்.

லீவு இருபதாம் தேதியிலிருந்து கிடைத்திருக்கிறது. வரலாமா என்று நீங்களும் அவளும் பேசி முடிவு செய்து ஒரு வரி எழுதுங்கள். கடிதம் வரும்வரை கிளம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பொடியின் அண்ணன்